நெறி கட்டும் இடங்கள்: ஒரு கால்நடை மருத்துவரின் நாட்குறிப்பு

ஜூன் 4

மாடு தீனி எடுக்கவில்லை, உடம்பு கொதிக்கிறது என்று கூப்பிட்டார்கள். தெர்மாமீட்டர் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது. கண், ஈறு பார்த்துவிட்டுத் தோள்பட்டைக்கு முன்னால் கையை வைத்தேன். வலப்பக்கம் தோலுக்கடியில் கை நிறைய நெறி கட்டியிருந்தது. இடப்பக்கம் அவ்வளவு இல்லை. வலப்பக்கக் கழுத்து மடிப்பில் உண்ணிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. நெறி என்பது வீங்கிய நிணநீர்க் கணு. உண்ணி கடித்த இடத்தின் நிணநீர், அதாவது திசுக்களில் கசிந்து தேங்கும் நீர், எந்தக் கணுவுக்கு வடிகிறதோ, அந்தக் கணுதான் முதலில் வீங்கும்.

ஊசியால் கொஞ்சம் செல்களை உறிஞ்சி கண்ணாடித் தகட்டில் தடவி எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது மாட்டுக்காரர், "டாக்டர், எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்களேன்" என்றார். எங்கே போனாலும் இதைக் கேட்கிறார்கள். எதிர்ப்பு சக்தி என்றால் உடம்பெல்லாம் பரவியிருக்கும் ஒரு தெம்பு, குறைந்தால் ஊற்றி நிரப்பலாம் என்ற நினைப்பு. எனக்கு இது பெரிய மனக்குறை. அதற்கென்று உடம்பில் இடங்கள் உண்டு, போய்வரும் வழிகள் உண்டு, தவறவிட்டால் திரும்பக் கிடைக்காத நேரமும் உண்டு. அவருடைய கையைப் பிடித்து அந்தக் கணுவின் மேல் வைத்தேன். "இங்கேதான் இப்போது சண்டை நடக்கிறது" என்றேன்.

ஜூன் 5

ஜீம்சா சாயம் ஏற்றி எண்ணெய் லென்ஸில் பார்த்தேன். வெள்ளையணுக்களின் உட்கரு அடர் ஊதாவில் பெரிதாக இருந்தது. அதைச் சுற்றிய வெளிர்நீலப் பகுதிக்குள் ஒழுங்கற்ற நீலத் திட்டு, அதன் மேல் சிவப்பு கலந்த ஊதாப் புள்ளிகள். கோக் நீல உடல்கள் என்று இவற்றுக்குப் பெயர். சந்தேகமே இல்லை, உண்ணி பரப்பும் தைலேரியா.

இந்த ஒட்டுண்ணியை நினைத்தால் இன்னும் பிரமிப்பாக இருக்கிறது. தன்னைப் பிடிக்க வரவேண்டிய வெள்ளையணுவுக்குள்ளேயே குடியேறி, அந்த அணுவைப் புற்றுநோய்ச் செல் போல ஓயாமல் பிரிய வைக்கிறது. அணு இரண்டாகும்போது, அதன் குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் இழைகளில் ஒட்டுண்ணியும் தொற்றிக்கொண்டு இரண்டு சேய்ச் செல்களுக்கும் போய்விடுகிறது. அப்படியென்றால் நேற்று என் கையில் தட்டுப்பட்ட வீக்கம் முழுவதும் உடம்பின் எதிர்ப்பு இல்லை. ஒரு பகுதி எதிரி நடத்திய பெருக்கம். நல்லவேளை, மருந்து ஒட்டுண்ணியைக் கொன்றுவிட்டால் அந்த அணுவும் பிரிவதை நிறுத்திவிடும். புபார்வகோன், கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், தசையில் போட்டாயிற்று.

ஜூன் 8

காய்ச்சல் இறங்கிவிட்டது, தீனி எடுக்கிறது. ஈறு இன்னும் வெளுத்துத்தான் இருக்கிறது. தைலேரியா அடுத்த கட்டத்தில் சிவப்பணுக்களுக்குள் போய்விடுவதால் சோகை தேற நாளாகும். கொட்டகையில் உண்ணி ஒழிப்பு வேலை ஆரம்பித்திருக்கிறார்கள்.

ஜூன் 11

எங்களிடம் பயிற்சிக்கு வரும் மாணவி, நிணநீர் எங்கிருந்து வருகிறது, எதற்கு இவ்வளவு சுற்று என்று கேட்டாள். நல்ல கேள்வி. நுண் ரத்தக்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரில் ஒரு பகுதி அப்படியே தங்கிவிடும். அதை அள்ளி எடுத்து, கணுக்கள் வழியாக அனுப்பி, கடைசியில் இதயத்துக்குப் பக்கத்துப் பெருஞ்சிரைகளில் ஊற்றுவதுதான் இந்தக் குழாய்களின் வேலை. பாலூட்டிகளில் இதைத் தள்ளத் தனி இதயம் கிடையாது. குழாய்ச் சுவரின் சுருக்கம், தசையின் அசைவு, பின்னால் போகவிடாத வால்வுகள், அவ்வளவுதான். தவளைக்கு நிணநீர் இதயங்களே தனியாக உண்டு.

1622-ல் இத்தாலியில் காஸ்பரே அசெல்லி, தீனி தின்ற நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை நூல்களைப் பார்த்தார். முதலில் நரம்பு என்றே நினைத்தார். ஒன்றை வெட்டியதும் பால் போன்ற திரவம் வழிந்தது. பட்டினி கிடந்த விலங்கில் அந்த நூல்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவை கல்லீரலுக்குப் போகின்றன என்று அவர் எழுதிவைத்தார். அவை மார்பு வழியாக ரத்தத்தில் சேர்வதை ஷான் பெக்கே 1651-ல் நாயில் காட்டினார்.

கணுவைச் சல்லடை என்பது பாதிதான் சரி. அது சந்திக்கிற இடமும்கூட. குறிப்பிட்ட ஒரு கிருமியை அடையாளம் காணத் தெரிந்த லிம்போசைட் (வெள்ளையணுவில் ஒரு வகை) பல லட்சத்தில் ஒன்றுதான் இருக்கும். கிருமியின் துண்டை ஏந்திவரும் செல்லும் அந்த ஒன்றும் உடம்பு முழுக்கத் தேடி அலைந்தால் காரியம் நடக்காது. அதனால் லிம்போசைட்டுகள் ரத்தத்திலிருந்து கணுவுக்குள் இறங்கி, சில மணி நேரம் தேடிப் பார்த்துவிட்டு, நிணநீரோடு வெளியேறி மறுபடி ரத்தத்தில் கலக்கின்றன. இந்தச் சுழற்சியை எலிகளில் நிரூபித்தவர் ஜேம்ஸ் கோவன்ஸ்.

பன்றி மட்டும் தனி வழி. அதன் கணுவில் உள்பகுதியும் வெளிப்பகுதியும் இடம் மாறியிருக்கும். லிம்போசைட்டுகளும் நிணநீர் வழியைப் பார்க்காமல் பெரும்பாலும் நேரே ரத்தத்துக்கே திரும்பிவிடும். பன்றி நன்றாகத்தான் இருக்கிறது. இதைச் சொன்னதும் மாணவியின் முகத்தைப் பார்க்கவேண்டும்!

ஜூன் 17

விடியற்காலையில் போன். இரவில் கன்று பிறந்திருக்கிறது, தாய் எழுந்து நிற்கவே இல்லை. தாய்க்குப் பால்காய்ச்சல், அதாவது ரத்தத்தில் கால்சியம் குறைவு; கால்சியம் ஏற்ற வேண்டியிருந்தது. என் கவலையெல்லாம் கன்று மேல். பிறந்து ஐந்து மணி நேரம் ஆகியும் ஒரு வாய் சீம்பால் உள்ளே போகவில்லை.

மனிதக் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள்கள் கருவிலேயே வந்துசேர்கின்றன. மாட்டின் நஞ்சுக்கொடி அதை விடாது. கன்று பிறக்கும்போது ரத்தத்தில் எதிர்ப்பொருள் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். அத்தனையும் சீம்பாலில் வந்தாகவேண்டும். அந்தப் பெரிய புரதங்களை உடைக்காமல் முழுசாக உள்ளே விடும் கன்றுக்குடல், மணிக்கு மணி அந்த வாசலைச் சாத்திக்கொண்டே வந்து, 24 மணி நேரத்தில் அநேகமாக மூடிவிடும். முதல் சில மணி நேரத்தில் கொடுப்பதற்கும் மறுநாள் கொடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதுவே என்னை ஓட வைக்கிற விஷயம்.

தாயிடம் கறந்தது கொஞ்சம்தான், அதுவும் நீர்த்திருந்தது. உறையவைத்த சீம்பால் அவர்களிடம் இருந்தது. கொதிநீரில் போடப் போனார்கள், தடுத்தேன். 60 டிகிரிக்கு மேலே போனால் எதிர்ப்பொருள்கள் கெட ஆரம்பிக்கும். கை பொறுக்கும் சூட்டில் வைத்து மெதுவாக உருக்கி, ஒரு சொட்டை, சீம்பாலின் தரம் காட்டும் பிரிக்ஸ் மீட்டரில் வைத்தேன். 22-க்கு மேல் இருந்தால் நல்ல சீம்பால். இது 25 காட்டியது. கன்று சுமார் 35 கிலோ, எடையில் பத்தில் ஒரு பங்கு என்று மூன்றரை லிட்டர். முதலில் நாக்கைச் சுழற்றித் தள்ளியது. விரலைச் சப்பக் கொடுத்து ரப்பர் காம்பை மெல்ல உள்ளே விட்டதும் பிடித்துக்கொண்டது. பாதிக்கு மேல் தானாகக் குடித்தது. மீதியைக் குழாய் வழியாகக் கொடுத்தோம்.

ஜூன் 19

கன்றின் ரத்தம் எடுத்துச் சீரம் பிரித்துப் பார்த்தேன். மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 5.9 கிராம். 5.1-க்குக் கீழே என்றால் சீம்பால் சேரவில்லை என்று அர்த்தம். சந்தோஷம்! தாயும் எழுந்து நிற்கிறது.

ஜூன் 26

நான்கு வாரக் கோழிகள் சாகின்றன என்று சிலவற்றைக் கொண்டுவந்தார்கள். அறுத்ததும் நேரே எச்சப்புழைக்கு மேலே இருக்கும் பர்சா என்ற பையைத் தேடினேன். வீங்கி, மேலே மஞ்சள் நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். வெட்டினால் உள் மடிப்புகளில் ரத்தக் கசிவு. தொடைத் தசையிலும் ரத்தத் தீற்றல்கள். கம்போரோ என்ற வைரஸ் நோய்தான்.

கோழிக்கு மாட்டைப் போல நிணநீர்க் கணுக்கள் கிடையாது. ஆனால் எதிர்ப்பொருள் செய்யும் பி செல்கள் தயாராவதற்கென்றே இந்தச் சின்னப் பை இருக்கிறது. உடற்கூறியலாளர் ஃபேப்ரிசியஸ் விவரித்த இந்த உறுப்பு எதற்கு என்று முந்நூறு வருடங்களுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. 1956-ல் புரூஸ் கிளிக்கும் திமோத்தி சாங்கும், குஞ்சிலேயே பர்சாவை அகற்றிய கோழிகள் எதிர்ப்பொருள் உண்டாக்கத் தடுமாறுகின்றன என்று காட்டினார்கள்.

செத்த கோழிகளைவிட எனக்குக் கவலை பிழைத்த கோழிகள்தான். மூன்று வார வயதுக்கு முன்பே இந்த வைரஸ் தாக்கினால் கோழி நோயுற்றதுபோலவே தெரியாது. பர்சா மட்டும் உள்ளே சுருங்கிவிடும். அதற்கப்புறம் போடுகிற தடுப்பூசிகளைக் கற்றுக்கொள்ளப் போதுமான செல்கள் இருக்காது. "ஊசி போட்டோம், ஆனாலும் நோய் வருகிறதே" என்ற புகாரின் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். அடுத்த கூட்டம் வருவதற்கு முன் கொட்டகையைக் கழுவிக் கிருமி நீக்கவும், தாய்க்கோழிகளின் தடுப்பூசி விவரத்தைக் கேட்டு வாங்கவும் எழுதிக் கொடுத்தேன். இந்த வைரஸ் லேசில் சாகாது.

ஜூலை 2

எட்டு வயது நாய். தாடைக்கடியில் உருண்டை இருக்கிறது என்று அழைத்துவந்தார்கள். தாடை, தோள்முன், முழங்காலுக்குப் பின் என்று தொட்டுக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும், இரு பக்கமும் கெட்டியாக வீங்கியிருந்தது. அழுத்தினால் வலியில்லை, காய்ச்சல் இல்லை. வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஓரிடத்துப் புண்ணுக்கு ஓரிடம் வீங்கும். இப்படி எல்லா இடமும் ஒரே நேரத்தில் வலியில்லாமல் வீங்கினால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயை முதலில் நினைக்கவேண்டும்.

ஸ்டீராய்டு போட்டால் வீக்கம் உடனே வடியும். அதனாலேயே மாதிரி எடுக்கும்முன் அதைத் தொடக்கூடாது. நோய் மறைந்துகொள்ளும், பின்னால் கொடுக்கும் கீமோதெரபியும் சரியாக வேலை செய்யாது. முழங்காலுக்குப் பின்னால் உள்ள கணுவிலிருந்து எடுத்தேன். தாடையடியில் எடுத்தால் பல் நோயின் வீக்கம் குழப்பிவிடும்.

வைத்திருப்பவரிடம் ஒளிக்காமல் சொன்னேன்: லிம்போமா என்று உறுதியானால், சிகிச்சை இல்லாமல் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம்தான். கூட்டு மருந்துகள் கொடுத்தால் பல நாய்கள் ஓராண்டு வரை நன்றாக இருக்கின்றன, முழுக் குணம் அரிது. வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்றார். மாதிரி இன்று மாலை ஆய்வகத்துக்குப் போயிருக்கிறது.