நாணயம் செல்லாத ஊரில்

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வேனுக்கு நாங்கள் வந்தது ஒரு ஜனவரியில். குளிரைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது வங்கிதான். ஊரில் பன்னிரண்டு வருடம் ஒரு தவணைகூடத் தவறாமல் வீட்டுக் கடனை அடைத்தவன் நான். இங்கே கிரெடிட் கார்டு கேட்டுப் போனால், கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரியே இல்லையே" என்றார்கள்; அதாவது, கடன் வாங்கி அடைத்த பதிவே இல்லையாம். கடைசியில் 500 டாலரைப் பிணைத்தொகையாகக் கட்டி, அதே 500 டாலர் வரம்புக்கு ஒரு கார்டு வாங்கினேன். பாலுக்கும் பெட்ரோலுக்கும் அதைத் தேய்த்து, தேதி தவறாமல் அடைத்துக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் சுப்பீரியர் தெருவில், தூண் வைத்த முகப்போடு நிற்கும் அந்தப் பழைய வீட்டைப் பார்த்தேன். 1843இல் ஹியூ மெக்கல்லக் கட்டிய வீடு. யார் இவர் என்று நூலகத்தில் தேடப் போய், விட முடியவில்லை.

அவரும் வெளியூர்க்காரர். 1808இல் மெய்ன் மாநிலத்தில் பிறந்து, பாஸ்டனில் சட்டம் படித்து, 1833இல் இந்தச் சின்ன ஊருக்கு வந்தவர். வங்கி அனுபவம் ஏதும் இல்லாத அந்த வக்கீலை நம்பி, இரண்டே வருடத்தில் இண்டியானா ஸ்டேட் பேங்கின் இவ்வூர்க் கிளையை ஒப்படைத்தார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. பிற்பாடு, அதன் இடத்துக்கு வந்த மாநில வங்கிக்கே தலைவரானார். 1857 நெருக்கடியில் நாடெங்கும் வங்கிகள் நோட்டுக்குத் தங்கம் தர மறுத்தபோது, இவருடைய வங்கி நிறுத்தாமல் கொடுத்தது.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வங்கியும் தானே நோட்டு அடித்தது. ஒரு மாநிலத்து நோட்டு தூரத்து மாநிலத்தில் முழு மதிப்புக்குப் போகாது. எது நல்ல நோட்டு, எது கள்ள நோட்டு என்று பார்க்கக் கடைக்காரர்கள் தனியாக ஒரு புத்தகமே வைத்திருந்தார்கள். படித்ததும் சுருக்கென்றது. என் பன்னிரண்டு வருட நாணயமும் கடல் தாண்டியதும் அப்படித்தானே ஆயிற்று!

இதைச் சரிசெய்ய, நாடு முழுவதும் செல்லும் நோட்டுக்காக வந்த தேசிய வங்கி மசோதாவை 1862இல் வாஷிங்டனுக்கே போய் எதிர்த்தவர் மெக்கல்லக். மறுவருடம் அது சட்டமானதும், அதை நடத்தும் முதல் அதிகாரி பொறுப்புக்கு, நிதியமைச்சர் சேஸ் அவரையே அழைத்தார். அவரும் மனம் மாறி ஏற்றார். அந்த டிசம்பரில் புதிய வங்கிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்: கடனை ஓரிடத்தில் குவிக்காதீர்கள், பரவலாகக் கொடுங்கள், ஏமாற்றுக்காரன் என்று தெரிந்தால், சமாளித்துவிடலாம் என்று நினைத்து அவனோடு வரவுசெலவு வைக்காதீர்கள்.

1865இல் லிங்கன் அவரை நிதியமைச்சராக்கினார். உள்நாட்டுப் போரின்போது அரசு அச்சிட்ட காகிதப் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று அந்த அக்டோபரில் இதே ஃபோர்ட் வேனில் பேசினார். அதில் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. பணம் சுருங்கினால் முதலில் நசுங்குவது கடன்பட்ட விவசாயிதான். 1868இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே அதை நிறுத்தியது.

தேதி தவறாமல் அடைத்ததால், பதினோராவது மாதம் என் பிணைத்தொகை 500 டாலர் செக்காகத் தபாலில் திரும்பி வந்தது. அந்தச் சனிக்கிழமை மனைவியைக் கூட்டிப்போய் சுப்பீரியர் தெரு வீட்டைக் காட்டினேன்.