கொடி சாய்ந்த மேசை

"பன்னீரை வாங்கி வயித்தை அடைச்சுக்காதே, இறாலுக்கு இடம் வை" என்று ஓர் அம்மா தன் மகனிடம் அடிக்குரலில் சொன்னார். மேசை நடுவில் கரித்தட்டை இறக்கிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருப்புச் சட்டையும் பெயர்ப்பட்டையுமாக நிற்கும் பையனுக்குத் தமிழ் தெரிந்திருக்காது என்ற நம்பிக்கையில்தான் பெங்களூரில் பாதித் தமிழ்க் குடும்பங்கள் மனம்விட்டுப் பேசும். "இறால் அடுத்த ரவுண்டுல வருதும்மா, நானே கொண்டுவரேன்" என்றேன். "ஐயோ, தம்பி தமிழா! எந்த ஊரு?" கிருஷ்ணகிரி என்றேன். அவருடைய நாத்தனார் காவேரிப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவராம். அதற்கப்புறம் அந்த மேசைக்கு நான் பக்கத்து வீட்டுப் பையன்.

மாரத்தஹள்ளிப் பக்கம் வெளிவட்டச் சாலையில் இருந்த ஒரு பார்பெக்யூ உணவகத்தில் ஐந்தரை வருடம் வேலை பார்த்தேன். பரிமாறுகிற ஸ்டூவர்டாகச் சேர்ந்து, ஸ்டூவர்டுகளை மேற்பார்க்கும் கேப்டனாக வெளியே வந்தேன். இந்த மாதிரிக் கடைகளின் வித்தை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேசை நடுவில் ஒரு குழி, அதில் கனலும் கரி, அதன்மேல் குச்சி குச்சியாகக் கோழி, மீன், இறால், பன்னீர், அன்னாசி. தலைக்கு இவ்வளவு என்று ஒரே விலை. மேசையில் ஒரு சின்னக் கொடி நிற்கும். அது நிற்கும்வரை குச்சி வந்துகொண்டே இருக்கும், சாய்த்தால் நிற்கும். நம் நாட்டில் இந்த முறையைப் பரவலாக்கிய பார்பெக்யூ நேஷன் 2006-ல் மும்பையில் தொடங்கியது. இன்று அதன் தலைமை அலுவலகம் பெங்களூரில்தான் இருக்கிறது. நான் இருந்தது வேறு கடை, ஆனால் சங்கதி ஒன்றுதான்.

வருகிறவர்கள் பலர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் போட்டு, பிரஷ்ஷால் எண்ணெய் தடவி, தாங்களே சமைப்பதாக நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் கறி கிச்சனிலேயே தந்தூரில் வெந்துதான் வரும். மேசையில் நடப்பது சூடு ஆறாமல் காப்பதும், ஓரம் கொஞ்சம் கருகி மணம் ஏறுவதும்தான். கொரியாக்காரர்களின் மேசை அடுப்பில் பச்சைக் கறியைப் போட்டுச் சுடுவார்கள். நம் ஆட்களிடம் பச்சைக் கோழியைக் கொடுத்துவிட்டு யார் நிம்மதியாக நிற்பது?

கிச்சன் வேலை எனக்குப் பிடிக்கும். மசாலா போடுகிற ஒடியாக்காரப் பையனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். முதலில் உப்பு, எலுமிச்சை, இஞ்சி பூண்டு விழுது மட்டும் தடவி வைப்பான். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தயிர் இறங்கும், அதுவும் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடித்த தயிர். சாதாரணத் தயிரைப் போட்டால் மசாலா குச்சியில் நிற்காது, சொட்டிச் சொட்டிக் கரியில் விழும். வறுத்த கடலை மாவு ஒரு கை, கடுகெண்ணெய், காஷ்மீரி மிளகாய். அன்னாசித் துண்டுகளை மட்டும் கறித் தட்டுக்குப் பக்கத்திலேயே வைக்க விடமாட்டான். பச்சை அன்னாசிச் சாறு கோழியில் பட்டு ஊறினால் நார் எல்லாம் கரைந்து கறி மாவாகிவிடும். ஒருமுறை அவசரத்தில் நான் இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கிவிட்டேன். நாற்பது குச்சி கோழி குப்பைக்குப் போனது. அன்று அவன் ஒடியாவில் சொன்னதற்கு எனக்கு யாரும் அர்த்தம் சொல்லவில்லை.

கரிக்கும் ஒரு பக்குவம் உண்டு. பதினொரு மணிக்குப் பற்றவைத்தால் மேலே சாம்பல் பூத்து வெளுக்க அரை மணி நேரமாகும். அதற்கு முன்னால் மேசைக்குக் கொண்டுபோனால் புகை கிளம்பி வாடிக்கையாளர் கண்ணைக் கசக்குவார். ஏசி போட்ட மூடின ஹாலில் முப்பது மேசையில் கரி எரிகிறதென்றால் புகை உறிஞ்சும் மோட்டார் நிற்கவே கூடாது. கண்ணுக்குத் தெரியும் புகையாவது பரவாயில்லை. கரி எரியும்போது வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் வருகிறது, அதுதான் ஆபத்து. மோட்டார் ஒரு நிமிடம் நின்றாலும் கேப்டன்தான் முதலில் ஓட வேண்டும். என் வலது கட்டைவிரலில் தழும்பு ஒன்று இருக்கிறது. அது கரித்தட்டின் கைப்பிடி கொடுத்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முழுக்க ஐடி கம்பெனி டீம்கள். பன்னிரண்டு பேர், பதினெட்டு பேர் என்று வரிசையாக வந்து உட்காருவார்கள். மேனேஜர் எங்கே உட்காருகிறாரோ அதற்கு எதிர்முனைதான் முதலில் நிரம்பும். அவர் பக்கத்து நாற்காலி கடைசியாக வந்தவனுக்கு. இதை நான் ஐந்தரை வருடமும் பார்த்தேன், ஒருமுறைகூடத் தவறியதில்லை. வாரத்துக்கு இரண்டு பேராவது கேக்குக்காகப் பொய்ப் பிறந்தநாள் சொல்வார்கள். நாங்களும் தெரிந்தே கைதட்டிப் பாடுவோம்.

இதில் கொடி ஒரு வேடிக்கை. மேனேஜருக்கு வயிறு நிரம்பியதும் அவர் கை தன்னால் கொடியைச் சாய்க்கும். அவருக்கு மூன்று மணிக்கு மீட்டிங் இருக்கும். மறுமுனையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் அப்போதுதான் மீனைத் தொட்டிருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்களே தவிர, கொடியை நிமிர்த்த யாருக்கும் துணிவு வராது. நான் அந்த முனைக்கு மட்டும், கிச்சனில் மிச்சமாகிவிட்டது என்று சொல்லி நாலு குச்சி கொண்டுபோய் வைப்பேன். எங்கள் கடை மேலாளருக்கு இது பிடிக்காது. ஷிஃப்ட் தொடங்குமுன் நடக்கும் பிரீஃபிங்கில் தினமும் இதே பாட்டுதான்: கொடி சாய்ந்தால் குச்சி நிற்க வேண்டும், ஃபுட் காஸ்ட் ஏறுகிறது. அவர் கணக்கு அவருக்கு. ஒரே விலைக் கடையில் லாபம் இருப்பது முதல் அரை மணி நேரத்தில் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் எவ்வளவு உள்ளே போகிறது என்பதில்தான். பன்னீரைப் பற்றி எச்சரித்த அந்த அம்மாவுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

என்னை மாற்றியது ஒரு பெரியவர். மகனும் மருமகளும் அழைத்து வந்திருந்தார்கள், வேலூர்ப் பக்கத்து ஆட்கள். முள் கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, குச்சியிலிருந்து மீனைக் கையால் உருவி, அவசரமே இல்லாமல் சாப்பிட்டார். மகன் போனில் பேசிக்கொண்டே கொடியைச் சாய்த்தான். நான் பெரியவரிடம் குனிந்து, "ஐயா, இன்னும் ஏதாவது கொண்டுவரட்டுமா?" என்று கேட்டேன். "போதும்பா" என்றார். சரி என்று போய்விட்டேன். கிளம்பும்போது வாசலில் என் தோளைத் தொட்டார். "அந்த மீன் நல்லா இருந்துச்சு தம்பி. இன்னொரு குச்சி சாப்பிட்டிருப்பேன். நீங்க ஒரு தரம்தானே கேட்டீங்க" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று இரவு ஸ்டாஃப் ரூமில் படுத்துக்கொண்டு அதையே நினைத்தேன். எங்கள் ஊர்ப் பந்தியில் இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டினாலும் விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி சாம்பார் விழத்தான் செய்யும். முதல் 'போதும்' மரியாதைக்குச் சொல்வது. இலையை மடிக்கும்போதுதான் பரிமாறுகிறவன் நகருவான். அது எனக்கு ஆறு வயதிலிருந்து தெரியும். கருப்புச் சட்டையைப் போட்டதும் மறந்துவிட்டேன்.

அதற்கப்புறம் தமிழ் மேசைகளில் மூன்று தடவை கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். டிப்ஸுக்காகச் செய்கிறான் என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டல் செய்தார்கள். அப்போது அந்தப் பேச்சுக்கு ஒரு காரணமும் இருந்தது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. வாடிக்கையாளராக யோசித்தால் நியாயம்தான். ஆனால் எங்கள் கடையில் அந்தப் பணத்தில் எங்களுக்கும் ஒரு பங்கு வந்துகொண்டிருந்தது. அது போன பிறகு கையில் வைக்கும் ஐம்பது ரூபாயை எல்லோரும் எண்ண ஆரம்பித்தோம். நானும்தான்.

இப்போது ஓசூரில் சின்னதாகக் கேட்டரிங் நடத்துகிறேன். போன மாதம் ஒரு வரவேற்பில் பந்தி ஒரு பக்கம், மண்டபத்துக்கு வெளியே கரியடுப்பு ஒரு பக்கம் என்று போட்டோம். பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுந்த ஒரு மாமா, கை கழுவின ஈரத்தோடு நேராக என் அடுப்புக்கு வந்து நின்றார். "சும்மா ருசி பார்க்கத்தான், ஒண்ணே ஒண்ணு" என்றார். இரண்டு குச்சி வைத்தேன். "ஐயோ, போதும் போதும்."

மூன்றாவதை இடுக்கியில் எடுத்துக்கொண்டு நின்றேன். அவர் தலை வேண்டாம் என்று ஆடியது, தட்டு நீட்டின இடத்திலேயே இருந்தது.