“பாத்தேன்க்கா”

அந்த அக்கா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “தம்பி, இந்த வழிய நேத்துப் பாத்தீங்களா?”

“பாத்தேன்க்கா” என்றேன். நான் பார்த்து 5 நாளாகியிருந்தது.

தை மாத வாடைக்காற்று. தனுஷ்கோடிப் பக்கம் கயாக்கில், அதாவது சின்னத் துடுப்புப் படகில், ஆட்களைக் கூட்டிப்போகிறவன் நான். அன்றைக்கு விடியலில் பெண்கடலில், அதாவது வடக்குக் கடலில், கயாக் இறக்கினோம். 8 மணிக்கெல்லாம் காற்று ஏறிவிட்டது. இந்தப் பருவத்தில் ஆண்கடல் என்கிற தெற்குக் கடல்தான் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் அப்படியே தலைகீழ். கயாக்கைத் தூக்கிக்கொண்டு மணல்திட்டைக் கடந்து அந்தப் பக்கம் இறக்குவோம் என்று முடிவெடுத்தேன். அது சரியான முடிவுதான், இன்றைக்கும் சொல்வேன். புது ஆட்களை எதிர்காற்றில் துடுப்புப் போடவிட்டுத் திருப்பிக் கூட்டிவர முடியாது.

ஆனால் வழி இரண்டு. 1964 புயலுக்கு முன்னால் ரயில் ஓடிய மேட்டை ஒட்டிச் சுற்றிப் போனால் கால் புதையாது, 20 நிமிடம் கூடுதலாக ஆகும். குறுக்கே போனால் வற்றிய உப்பங்கழி. இருவர் கயாக் 30 கிலோவுக்குக் குறையாது. கொஞ்ச தூரத்திலேயே கைப்பிடிக் கயிறு விரலை அறுக்கும், இறக்கி வைத்துக் கைமாற்ற வேண்டும். அதை நினைத்துத்தான் குறுக்கு வழி எடுத்தேன். வாடை விடாமல் அடித்தால் வடகடல் தண்ணீர் கழிக்குள் ஏறும். இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது.

மேலே வெள்ளை வெளேரென்று உப்புப் பொருக்கு. அடியில் உளைச் சேறு. அக்காவின் வீட்டுக்காரர் முழங்கால் வரை இறங்கிவிட்டார், கயாக் சரிந்து அவர் தொடைமேல் சாய்ந்தது. கையாலேயே தோண்டினேன். கறுப்புச் சேறு, அழுகின முட்டை நாற்றம். கால் வந்தது, செருப்பு வரவில்லை. கணுக்கால் சுளுக்கிப் புடைத்திருந்தது.

தெற்குக் கரையில் அவர் காலைக் கழுவிவிடும்போது அக்கா சொன்னார்: “நீங்க பாத்து வச்ச வழின்னுதான் தம்பி தைரியமா வந்தோம்.” நன்றியாகத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன்.

பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் சுற்றிப் போயிருப்போம். இல்லை, பயந்து நடுவழியிலேயே நின்றிருப்பார்களோ? முன்னால் போகிறவன் தயங்கினால் பின்னால் வருகிறவர்களுக்குக் கால் எழாது, அதுவும் உண்மை. முந்தின நாளே பார்த்திருந்தாலும் ராத்திரியில் தண்ணீர் ஏறியிருக்கலாம். இப்படி எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். கடைசியில் அந்த ‘க்கா’வில் வந்து நின்றுவிடுகிறேன். வெறும் ‘பாத்தேன்’ என்றிருந்தால் அவர் இன்னொரு தடவை கேட்டிருப்பார்.

இப்போதெல்லாம் முந்தின நாள் சாயங்காலம் கம்பு ஊன்றிப் பார்க்காமல் யாரையும் கூட்டிப்போவதில்லை. போன வாரம் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். அன்றைக்கு நிஜமாகவே பார்த்திருந்தேன். “பாத்தேன்ண்ணே” என்றேன். அக்காவிடம் சொன்ன அதே குரல்.