ரசத்துக்கு விசா கிடையாது

நான் ஒரு டயட்டீஷியன். சென்னை கிரீம்ஸ் ரோடு பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில், உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைப் பிரிவில் 2014-லிருந்து வேலை பார்க்கிறேன். போர்டில் ‘பேரியாட்ரிக்’ என்று இருக்கும், கேண்டீன் வரைக்கும் ‘குண்டு வார்டு’ என்றுதான் பேர், அப்படிச் சொல்லாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி நானே ஓய்ந்துவிட்டேன்.

எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். மாலத்தீவு, ஓமன், தான்சானியா, பங்களாதேஷ். இதைச் சொன்னதும் ‘அங்கே செலவு ஜாஸ்தி, அதான் இங்கே வர்றாங்க’ என்று சொந்தக்காரர்கள் முடித்துவிடுவார்கள். செலவும் ஒரு காரணம்தான், சில ஊர்களில் இதைச் செய்ய ஆளே கிடைக்காது என்பதும் உண்மைதான். ஆனால் இத்தனை வருஷம் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேசியதில் எனக்குத் தெரிந்தது இன்னொன்று, ஊருக்குத் தெரியக்கூடாது. வாயைக் கட்டத் தெரியாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டு வந்துவிட்டான் என்று நாலு பேர் பேசிவிடுவார்களே என்ற பயம். பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்று பெற்ற தாயிடமே சொல்லிவிட்டு வந்தவர்கள் உண்டு. வீட்டில் எடை மெஷின் தாங்காது என்று கடைக்குப் போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்ற கதையை, பக்கத்தில் துணைக்கு வந்த தம்பி வெளியே போன பிறகுதான் ஒருவர் சொன்னார்.

என்ன செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம். அதிகம் நடப்பது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைச் சட்டைக் கை மாதிரி ஒரு குழாயாகத் தைத்துவிடுவார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுத்ததோடு போய்விடும் இரைப்பையின் மேல் பகுதியில்தான், அதனால் சில மாதங்களுக்குப் பசியே மறந்த மாதிரி இருக்கும். இன்னொன்று பைபாஸ். இரைப்பையில் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, ஒரு முப்பது மில்லி பிடிக்கும், அதைச் சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி நடுப்பகுதியோடு நேராக இணைத்துவிடுவது. பைபாஸ் என்று சொன்னதும் உள்ளூர் நோயாளிகளின் வீட்டார் ‘ஹார்ட்ல என்ன டாக்டர்?’ என்று அழ ஆரம்பித்துவிடுவார்கள், அது தனிக் கதை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களிடம் ஏஜென்ட் சொல்லி அனுப்புவது ஒரே கணக்கு. பத்து நாள். இரண்டு நாள் டெஸ்ட், ஒரு நாள் ஆபரேஷன், மூன்று நாள் வார்டு, மிச்ச நாள் சர்வீஸ் அபார்ட்மென்ட், நடக்க முடிந்தால் தி. நகர். அதில் வராத கணக்கு ஒன்று இருக்கிறது. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே அவர்கள் தங்கள் ஊரிலேயே மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தை மட்டும் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும், அப்போதுதான் கொழுப்பு ஏறிய கல்லீரல் கொஞ்சம் சுருங்கும், இல்லாவிட்டால் அது இரைப்பையின் மேலேயே கவிந்து கிடக்கும், சின்னத் துளை வழியாக உள்ளே விடும் கேமராவுக்கு வழி விடாது. ஏஜென்ட் இதைச் சொல்வதே இல்லை. சொல்லாமல் இருப்பதுகூடப் பரவாயில்லை, இனிமேல் சாப்பிட முடியாதே என்று அந்த இரண்டு வாரமும் வீடு வீடாக விருந்து சாப்பிட்டுவிட்டு விமானம் ஏறுகிறார்கள். இங்கே ஸ்கேன் பார்த்துவிட்டு சார், அதாவது எங்கள் சர்ஜன், தேதியைத் தள்ளி வைப்பார். டிக்கெட்டை மாற்றச் சொல்ல வேண்டிய வேலை என் தலையில் விழும். வாங்கிக் கட்டிக்கொள்வதும் நான்தான்.

2017 பிப்ரவரியில் எகிப்திலிருந்து எமான் அகமது என்ற பெண்ணைச் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கும். எடை 500 கிலோ என்றார்கள். கிரேனில் கட்டிலோடு தூக்கியதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அப்புறம் கொஞ்ச காலம் எங்கள் நோயாளிகள் எல்லோரும் அந்தப் பேச்சை எடுப்பார்கள், ‘எனக்கும் பிளைட் அனுப்புவீங்களா?’ என்று சிரிப்பார்கள். மே மாதம் அவரை அபுதாபிக்கு மாற்றினார்கள், செப்டம்பரில் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்தபோது என் வார்டில் யாரும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

சரி, நான் சொல்ல வந்தது 2018-ல் நடந்தது. மாலத்தீவுக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், அரசாங்க வேலை. ஸ்லீவ் நல்லபடியாக முடிந்தது, மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ், பத்தாம் நாள் விமானம். கிளம்புவதற்கு முன் வழக்கம்போல அச்சடித்த சார்ட்டைக் கையில் கொடுத்து அரை மணி நேரம் விளக்கினேன். முதலில் தெளிந்த நீராகாரம், இரண்டாவது வாரம் வரை எல்லா விதமான நீராகாரமும், அப்புறம் மசித்தது, ஒரு மாதம் கழித்து மென்மையான திட உணவு. எதற்கும் தலையை ஆட்டினார். அந்தச் சார்ட்டில் என்ன இருந்தது தெரியுமா? வடிகட்டின ரசம், பருப்புத் தண்ணீர், மோர், குழைந்த இட்லி, பருப்பு சாதம். நான் எழுதியதுதான். விருதுநகர் சமையலறையில் வளர்ந்த ஒருத்தி எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

தீபாவளி லீவில் ஊரில் இருந்தேன். என் சொந்த வாட்ஸ்அப்புக்கு அவரிடமிருந்து மெசேஜ். பதினோரு நாளாக வாந்தி, எதுவும் தங்கவில்லை, தீவில் இருக்கும் சுகாதார மையத்தில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், இரண்டு நாளாக எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது, நடந்தால் தள்ளுகிறது. கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. வயிற்றில் எதுவும் தங்காமல் போனால் தயமின், அதாவது பி1 வைட்டமின், இரண்டு மூன்று வாரத்தில் உடம்பில் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு மூளை அடி வாங்கும். கண்ணும் நடையும்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அந்த நிலையில் பி1 போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால், இருக்கிற கொஞ்சநஞ்சமும் அதைச் செரிக்கவே செலவாகி நிலைமை இன்னும் மோசமாகும்.

சாரைக் கூப்பிட்டேன். அவரும் வீட்டில் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே இருந்தார். “நம்பர் அனுப்புங்க, நான் பேசிக்கறேன்” என்றவர் அந்தத் தீவு டாக்டரிடமே நேராகப் பேசி குளுக்கோஸை நிறுத்தச் சொன்னார். பி1 ஊசி அங்கே இல்லை, ஸ்பீட்போட்டில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கண் சில நாளில் சரியானது, நடை சரியாகச் சில வாரம் பிடித்தது. பிழைத்தார். எனக்கு மெசேஜ் அனுப்புவதற்கு மூன்று நாள் முன்பே எங்கள் மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளிகள் டெஸ்க்குக்கு அவர் எழுதியிருக்கிறார், பதில் போகவில்லை. விமானம் ஏறியதோடு அவருடைய ஃபைலை மூடிவிட்டார்கள். கேட்டதற்கு, “ஃபாலோ அப் பேக்கேஜ்ல இல்லையே மேடம்” என்றார்கள். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது, ஆனால் அதைவிட என்மேலேயே வந்த கோபம்தான் ரொம்ப நாள் இருந்தது.

அப்படி அவர் என்னதான் சாப்பிட்டார் என்று பிறகு நிதானமாகக் கேட்டேன். மஸ்ஹுனி. சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவலும் வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிசைவது, அதைத் தொட்டுக்கொண்டு ரோஷி என்கிற ரொட்டி. அங்கே காலைச் சாப்பாடே அதுதான். சார்ட்டில் ‘மென்மையான உணவு’ என்று இருந்தது, அவருக்குத் தெரிந்து முள் இல்லாத உதிர்த்த மீனைவிட மென்மையானது வேறு எது? ஒரு மாதம் கழித்து என்பது நாட்கணக்கு, அதை யார் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பித்தப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்ததால், பிள்ளை இளைத்துவிட்டானே என்று அம்மாவும் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். தேங்காய்த் துருவலும் ரொட்டியும் அந்தக் குழாயில் போய் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

இதில் என்னைக் குத்தியது என்னவென்றால், அவர் வீட்டு அடுப்பிலேயே தினமும் கருதியா கொதிக்கிறது. சூரை மீனை உப்புப் போட்டு வேகவைத்த தெளிந்த சாறு. முதல் வாரத்துக்கு எங்கள் ரசத்தைவிட நூறு மடங்கு பொருத்தம். அந்த வார்த்தையே எனக்கு அன்றைக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அவர் ரசம் என்றால் என்ன மருந்து என்று மெடிக்கல் ஷாப்பில் விசாரித்தாராம்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முதல் சந்திப்பில் எடை, சர்க்கரை எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் வீட்டில் சமைப்பது யார் என்று கேட்பேன். ஆபரேஷனுக்கு முன்பு அவரோடு ஒரு வீடியோ கால் பேசியே ஆக வேண்டும். ரகசியம் உடைந்துவிடும் என்று சிலர் சண்டை போடுவார்கள். அப்படியென்றால் உண்மை தெரிந்த ஒரே ஒரு ஆளையாவது சமையல்கட்டில் வையுங்கள் என்பேன். நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை. சார் மட்டும், “அவங்க கால் பேசி முடிக்காம ஓ.டி. லிஸ்ட்ல பேர் போடாதீங்க” என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டார், அதோடு பேச்சு நின்றது.

அப்படிப் பேசிப் பேசி எனக்கு ஊர் ஊராகச் சமையல் தெரிந்தது. தான்சானியாவில் உஜி என்று மக்காச்சோளக் கூழ், அதைத் தண்ணியாகக் காய்ச்சிப் பாலோ தயிரோ சேர்த்தால் இரண்டாவது வாரத்துக்கு ஆகும். டாகா என்று சின்னக் கருவாடு, நம் நெத்திலிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி, பொடித்துப் போட்டால் புரதக் கணக்கு கொஞ்சம் தேறும். ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் உள்ளே போக வேண்டும், அரைக் கிண்ணத்துக்கு மேல் இறங்காத வயிற்றில் அதைச் சேர்ப்பது சாதாரண வேலையில்லை. உகாலி மட்டும் கூடாது, அந்தக் களி மூன்று மாதத்துக்குத் தொடவே கூடாது. ஓமன்காரர்களுக்குப் பேரீச்சம்பழம். பைபாஸ் செய்தவர் ஒருவர் துக்க வீட்டில் காவா என்கிற அரபுக் காபியோடு நாலைந்து பழமும் கொஞ்சம் அல்வாவும் சாப்பிட்டிருக்கிறார், மறுத்தால் மரியாதை இல்லை. சர்க்கரை தடையில்லாமல் நேராகக் குடலுக்கு இறங்கி, வேர்த்து, நெஞ்சு படபடத்து, எழுந்து பாத்ரூமுக்கு ஓடியிருக்கிறார். எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது, அது இறந்தவருக்கா இவருக்கா என்று தெரியவில்லை.

2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது தார் எஸ் சலாமிலிருந்து வந்த ஒரு டீச்சர் இங்கேயே மாட்டிக்கொண்டார். சர்வீஸ் அபார்ட்மென்டில் ஒரு அடுப்பு, கூட வந்த அக்கா. வெள்ளை மக்காச்சோள மாவு கிடைக்காமல் நம் மஞ்சள் மக்காச்சோள மாவை வாங்கிக் காய்ச்சி, நிறம் சரியில்லை என்று இரண்டு பேரும் முகம் சுளித்ததை நான் வீடியோவில் பார்த்தேன். தினமும் என்ன சாப்பிட்டார், எத்தனை வாய், எவ்வளவு தண்ணீர் என்று எல்லாம் தெரிந்தது. நான் பார்த்ததிலேயே ஒரு தடவைகூட வாந்தி எடுக்காத வெளிநாட்டு நோயாளி அவர்தான். விமானம் ஓடியிருந்தால் பத்தாம் நாளே போயிருப்பார். மெதுவாக மெல்லுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் அவர் ‘போலே போலே’ என்பார், ஸ்வாஹிலியில் மெள்ள மெள்ள. இப்போது அது வார்டு முழுக்கப் பரவிவிட்டது, எங்கள் ஆயாம்மாவே உள்ளூர் நோயாளிகளிடம் ‘போலே போலே’ என்கிறார்.

போன மாதம் ஒரு ஓமன்காரர். இருபத்தெட்டு வயது, அடுத்த நாள் ஸ்லீவ். வீட்டில் சமைப்பது அம்மா, அவருக்கு விஷயம் தெரியும். மொழிபெயர்க்க எங்கள் டெஸ்க்கிலிருந்து ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். அம்மா போனைச் சமையல்கட்டில் சாய்த்து வைத்துவிட்டு, “என் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்கிற பெண் நீதானா?” என்றுதான் ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே சொன்னதாகத் தம்பி சொன்னான், எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் என் மேஜையில் இருக்கும் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினேன். ஆரம்பத்தில் இதில் கால்வாசி, நாலு மாதம் கழித்து அரைவாசி. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் விட்டுத்தான். வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும்.

அவர் வேறு ஒன்று கேட்டார். அங்கே ஒரே பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, சுற்றி எல்லோரும் உட்கார்ந்து கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள். அதில் கால் கிண்ணத்தை எப்படி அளப்பது? என் பிள்ளை தனியாக உட்கார வேண்டுமா?

தம்பி என்னைப் பார்த்தான். இந்தக் கேள்விக்குச் சார்ட்டில் பதில் இல்லை. தனியாக வேண்டாம், கூடவே உட்காரட்டும் என்றேன், வேறு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அவர் போனை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரம் டைல்ஸ் சுவர் மட்டும் தெரிந்தது. திரும்பி வந்தபோது கையில் காவா குடிக்கும் பிடியில்லாத சின்னக் குவளை. காலியாக இருந்த தாம்பாளத்தைத் தரையில் வைத்து, அதன் விளிம்பை ஒட்டி அந்தக் குவளையை வைத்து, அது கேமராவில் தெரிகிறதா என்று மகனிடம் கேட்டார்.