கிழக்கு வேலிப் பொறி

ஏப்ரல் 14, பண்ருட்டி
மாந்தோப்பில் பழ ஈக்காக ஏக்கருக்குப் பத்துப் பொறி. எத்தனால் 6, ஈயை இழுக்கும் மணப்பொருளான மீதைல் யூஜினால் 4, பூச்சிக்கொல்லி மாலத்தியான் 1 பங்கு. அதில் ப்ளைவுட் துண்டுகள் இரண்டு நாள் ஊறின. ஆள் உயரத்தில், நிழலில், இலை துளையை அடைக்காத கிளையாகப் பார்த்துக் கட்டியாயிற்று.

ஏப்ரல் 21
பொறியில் ஒன்றிரண்டு ஈதான். பங்கனப்பள்ளி இன்னும் பச்சை.

மே 5
கத்திரி பிறந்தது. செந்தூரா நிறம் ஏற ஏறப் பொறியிலும் ஈ ஏறுகிறது. கிழக்கு வேலியில்தான் அதிகம். அப்பால் பறிக்க ஆளில்லாத தோப்பு: மா, இடையிடையே கொய்யா.

மே 12
திடீர்க் குறைவு. அதற்குள் சந்தோஷம் வேண்டாம். எறும்பு கம்பி வழியே இறங்கிச் செத்த ஈக்களை இழுத்துப் போயிருக்கிறது. அடியில் வெறும் இறக்கை. கம்பிக்குக் கிரீஸ் தடவியாயிற்று.

மே 13
நேற்றைய கணக்கை அடித்துவிட வேண்டும்.

மே 20
பொறியில் விழுவதெல்லாம் ஆண். பெண் வெளியேதான் திரிகிறது. அது முட்டையிட்ட இடத்தில், பழத்தோலில் ஊசி குத்தினாற்போல் புள்ளி, மேலே பிசின் சொட்டு. முட்டை ஓரிரு நாளில் பொரியும். புழு ஒரு வாரம் சதையைத் தின்னும், பழத்தோடு தரைக்கு வரும், மண்ணில் ஓரிரு அங்குலத்தில் கூட்டுப்புழுவாகும். இந்தச் சூட்டில் பத்து நாளில் ஈ. அது முட்டையிடப் பருவமடைய இன்னும் ஒரு வாரம், பத்து நாள். இன்று தரையில் கிடக்கும் பழத்தின் ஈ, நீலம் மா பழுக்கும்போது தயாராக இருக்கும்.

மே 27
உதிர்ந்த பழம் இரண்டு நாளுக்கொருமுறை பொறுக்கணும். புதைக்கக் குழி இரண்டடி. போன வாரத்துக் குழி முக்காலடிகூட இல்லை. அப்படி மூடினால் ஈ மண்ணை முட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். குழி வெட்ட ஆளில்லாவிட்டால் தடித்த பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடலாம். வேலிக்கு அந்தப் பக்கம் யார் பொறுக்குவது?

ஜூன் 3
மழை.

ஜூன் 12
பொறியின் ப்ளைவுட் கட்டையில் மணம் போய்விட்டது, இரண்டு மாதம் ஆகிறதே. புதிது மாற்றினால் எண்ணிக்கை துள்ளும். அது தோப்பில் ஈ பெருகியதாகாது; அந்த வாரத்தைத் தனியாகக் குறிக்கணும். ஏழு நாள் கணக்கையும் ஒன்பது நாள் கணக்கையும் அப்படியே ஒப்பிடவும் கூடாது. பொறி எண்ணிக்கையாலும் நாளாலும் வகுத்தால்தான் பொருந்தும்.
பாகல் பந்தலிலும் புழுவாம். அந்த ஈ இந்த மணத்துக்கு வராது, அதற்குக் கியூலூர் என்ற வேறு மணப்பொருள்.

ஜூன் 24
நீலம். வெல்லக் கரைசலில் மாவுக்கு அனுமதியுள்ள பூச்சிக்கொல்லி கலந்து அடிக்கணும். இனிப்புக்குப் பெண்ணும் வரும். பறிக்கிற மரத்தில் அடிக்கக் கூடாது.
கிழக்கு வேலிப் பொறி மறுபடி நிறைந்திருக்கிறது.

ஜூலை 8
மா முடிந்தது, பொறிகளை இறக்கிவிடலாம் என்று பேச்சு. வேலிக்கு அப்பால் கொய்யா வெளுக்கத் தொடங்கியிருக்கிறது.