சிட்டு வந்து ஆறு வாரம்

நாய்க்குட்டி சிட்டு வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு 8 வாரம். இலைகள் அப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருந்தன. இப்போது 14 வாரம், கிளைகள் மொட்டையாகிவிட்டன. இதற்குள் எது படிந்தது, எது இன்னும் இழுக்கிறது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் சிறுநீர்ப் பழக்கம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிப் போனேன்; ஒரு முறைகூடத் தவறவில்லை. ஆனால் கதவைத் திறந்தால் எங்கேயாவது ஓர் இலை உருளும். உடனே வந்த வேலை அவளுக்கு மறந்துபோகும். பத்து நிமிடம் இலையைத் துரத்திவிட்டு உள்ளே வந்து கால்மிதியில் பெய்வாள். முதல் வாரத்தில் இது தினம் நான்கைந்து முறை நடந்தது.

அப்புறம் தோட்டத்து மூலையில் கொஞ்சம் இடத்தைச் சுத்தமாகக் கூட்டி, இலையில்லாமல் வைத்தேன். கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டி அங்கே கொண்டுபோய்ப் பேசாமல் நிற்பேன். சுற்றிச் சுற்றி மோந்து, உட்கார்ந்து, முடித்த கணமே வாயில் ஒரு சின்னத் தின்பண்டம். அதை வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் கிடைத்தது என்று குட்டி எடுத்துக்கொள்ளும். இலையோடு விளையாட்டு அதற்குப் பிறகுதான். நான்காம் வாரத்தில் வீட்டுக்குள் நடப்பது இரண்டு நாளுக்கு ஒன்று என்று குறைந்தது. மழை பெய்தால் மட்டும் இன்னும் வாசற்படியை விட்டு இறங்க மறுக்கிறாள்.

இரவு எழுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அந்த வயதில் விடியும்வரை அடக்க முடியாது. இரண்டு மணிக்கு அலாரம் வைத்தேன். இப்போது ஐந்து மணிவரை தாங்குகிறாள்.

என்னை நிஜமாகவே பயமுறுத்தியது அவள் வாய்தான். இரண்டாம் வாரம் இலைக்குவியலிலிருந்து ஓக் மரக் காய் ஒன்றைக் கவ்வினாள். அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் நாய்க்கு ஆகாது, குடலிலும் அடைத்துக்கொள்ளலாம். பதறிப்போய்த் தாடையைப் பிடித்துத் திறந்து பிடுங்கினேன். காய் வந்துவிட்டது. ஆனால் மறுநாளிலிருந்து எதைக் கவ்வினாலும் என்னைக் கண்டதும் அவசர அவசரமாக விழுங்கப் பார்த்தாள். அதை நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று புரிந்தபோது மனசு கஷ்டமாக இருந்தது.

அதன்பின் பிடுங்குவதை அறவே விட்டேன். வீட்டுக்குள் அவளுடைய பொம்மையிலிருந்து தொடங்கினோம். அவள் கவ்வியிருக்கும்போது மூக்கருகே தின்பண்டத்தைக் காட்டுவேன். வாய் திறக்கும், பொம்மை விழும், "கொடு" என்பேன், தின்பண்டம் போகும், பொம்மையும் திரும்பக் கிடைக்கும். திரும்பக் கொடுப்பதில்தான் அவளுக்கு நம்பிக்கை வருகிறது. பொம்மைக்குப் பிறகு காய்ந்த இலை, பிறகு குச்சி. ஆபத்தானதை மட்டும் திருப்பித் தருவதில்லை. அதற்குப் பதில் கூடுதலாக ஒரு துண்டு. காளானில் இந்தப் பரீட்சையே வேண்டாம். விஷமுள்ளதும் இல்லாததும் பார்க்க ஒன்றுபோலவே இருப்பதால், அவளை விடுவதற்கு முன் நானே தோட்டத்தை ஒரு சுற்று வந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறேன்.

அவளுக்கு 16 வாரம் ஆகும்போதுதான் தடுப்பூசிகள் முடியும். மற்ற நாய்கள் புழங்கும் இடத்தில் அதுவரை இறக்கிவிட முடியாது. குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ கிருமி மண்ணில் நெடுநாள் உயிரோடு இருக்கும். ஆனால் புதிய ஆள், புதிய சத்தம் எல்லாம் பழக வேண்டிய வயதும் இதேதான், அதைத் தள்ளிப்போட முடியாது. அதனால் கோட்டுக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டே தெருவைக் காட்டுகிறேன். சருகு வாரும் இயந்திரம் அலறியபோது அவள் இதயம் என் நெஞ்சில் படபடத்தது. நகர்ந்து தூரத்தில் நின்று ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தேன். நான்காம் நாள் காதை மட்டும் நிமிர்த்திப் பார்த்தாள்.

உள்ளே வந்ததும் துண்டால் பாதங்களைத் துடைத்து, விரலிடுக்கிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். சருகில் உண்ணி நிறைய ஒளிந்திருக்கும். இதுவரை ஒன்றுதான் அகப்பட்டது.

இன்று மதியம் ஓக் காய் ஒன்றைக் கவ்விக்கொண்டு நின்றாள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நேரே நடந்து வந்து என் செருப்பின் மேல் அதைப் போட்டுவிட்டு, என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.