பிரிச்சாத்தான் தெரியும்

"முன்னாடியே தெரியுமா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பிரிச்சாத்தாம்மா தெரியும்" என்றேன்.

அவருடைய பழைய வீட்டின் கூரையைப் பிரித்து, மரச்சட்டங்கள் உளுத்திருந்ததைப் பார்த்தபோது நடந்த பேச்சு அவ்வளவுதான். நாலு வருஷம் ஆகப்போகிறது. எஸ்டிமேட் போட உட்காரும்போதெல்லாம் அந்தக் கேள்வி வந்து எதிரே நிற்கிறது.

பழைய வீட்டு வேலையில் இருப்பவர்கள் தினமும் சொல்லும் வார்த்தைதான் அது. பொய்யும் இல்லை. மெட்ராஸ் டெரஸ் என்னும் பழைய காலத்து மரச்சட்டக் கூரையில் தேக்குச் சட்டங்களின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும். மேலே குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்பு ஜல்லி, அதற்கும் மேல் தட்டை ஓடு. மழைத்தண்ணீர் எங்கே இறங்கி எந்த நுனியை அரித்திருக்கிறது என்பதைக் கீழே நின்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

ஆனால் அளவெடுக்கப் போன அன்று நான் ஸ்டூல் மேல் ஏறிச் சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தேன். நடுவில் தட்டினால் கணீர் என்றது. சமையலறைச் சுவரோரம் மூன்று சட்டங்கள் பொத்பொத்தென்றன. முழுக்கைச் சட்டையின் மடிப்பில் மஞ்சள் மாவு மாதிரி தூள் உதிர்ந்தது. அளவு நோட்டின் ஓரத்தில் பென்சிலால் "ச.சுவர் 3" என்று குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு எஸ்டிமேட்டுக்குள் போகவில்லை.

ஏன் போகவில்லை? எங்கள் முதலாளியிடம் சொன்னேன். "அதைப் போட்டா ரேட் ஏறும்ப்பா. அடுத்த ஆள் போடமாட்டான், வேலை அவனுக்குப் போயிடும். பிரிச்சப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்த அம்மா மூன்று பேரிடம் ரேட் கேட்டிருந்தார். மூன்று காகிதத்திலும் கடைசித் தொகையைத்தான் ஒப்பிட்டுப் பார்த்தார். நாங்கள் 7,20,000. அந்த மூன்று சட்டங்களையும் சேர்த்திருந்தால் ஏழே முக்கால் லட்சத்தை நெருங்கியிருக்கும். குறைந்த ரேட்காரர் வேலை எடுத்து, உளுத்த நுனியை வெறும் பூச்சால் மூடிவிட்டுப் போயிருந்தால்? இப்படி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்ட இரவுகள் உண்டு.

சமாதானம் நிற்காத இடம் வேறொன்று. அந்த அம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர். "ஜன்னல் இருக்கிற இடத்துக்கும் பூச்சுக்கூலி போட்டிருக்கீங்களே, அங்கதான் சுவரே இல்லையே?" என்று கேட்டார். அரைமணி நேரம் பொறுமையாக விளக்கினேன். கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1200. அதன்படி அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்பைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை, சுவரின் இரு பக்கமும் பூசும்போது ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், ஏனென்றால் ஜன்னலைச் சுற்றியுள்ள ஓரங்களைப் பூசும் வேலைக்குத் தனியாகக் கூலி போடுவதில்லை. அவருடைய நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்றரைச் சதுர மீட்டர்தான் வரும். காகிதத்தில் படம் போட்டே காட்டினேன். "இப்பதான் தம்பி புரியுது" என்று சந்தோஷப்பட்டார். எனக்கும் பெருமையாக இருந்தது. அந்த அரைமணி நேரமும் தலைக்கு மேலே அந்த மூன்று சட்டங்கள் இருந்தன. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கேட்கத் தெரியாததைச் சொல்லவில்லை.

எஸ்டிமேட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் நாலு வரி எங்களிடம் எப்போதும் இருக்கும். டைல்ஸ் அடிப்படை விலை சதுர அடிக்கு 45 ரூபாய். இடிபாடு அகற்றுவது தனி. ஜிஎஸ்டி தனி. கூடுதல் வேலைக்குக் கூடுதல் கட்டணம். முன்பக்கத் தொகையைவிட இந்த நாலு வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும். கடையில் அவருக்குப் பிடித்த டைல்ஸ் 72 ரூபாய். உடைசலோடு 460 அடிக்கு வித்தியாசம் 12,420. ஒன்பது டிராக்டர் லோடு இடிபாடு, லோடுக்கு 1,800 வீதம் 16,200. பிரித்ததும் மூன்று இல்லை, ஐந்து சட்டங்கள் போயிருந்தன. முட்டுக்கொடுத்து இரும்பு கர்டர் மாற்றியதற்கு 85,000. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத வரி. கடைசி பில் கிட்டத்தட்ட 9,84,000.

சட்டத்துக்கான செலவை நாங்களே ஏற்றிருக்கலாம் என்று தோன்றும். உடனே கணக்கும் வரும். மத்தியப் பொதுப்பணித் துறையின் ரேட் கணக்கிலேயே காண்ட்ராக்டர் லாபத்துக்கும் மேற்செலவுக்கும் சேர்த்து 15 சதவீதம்தான் வைக்கிறார்கள். 7,20,000 வேலையில் அது ஒரு லட்சத்தைச் சுற்றி வரும். அதில் 85,000 போனால் ஆட்களுக்கு என்ன கொடுப்பது? சரிதான். ஆனால் நாங்களே ஏற்கும்படி அவர் கேட்கவில்லை. முன்னாடியே தெரியுமா என்று மட்டும்தான் கேட்டார். டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைத்துப் பணம் கட்டினார். கட்டிய அன்றும் காபி கொடுத்தார்.

நான் நினைத்தது மூன்று, வந்தது ஐந்து. ஆகவே எனக்குத் தெரியாது என்பதே உண்மை என்று ஒரு காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாதத்தை இப்போது என்னாலேயே கேட்க முடியவில்லை.

அதன்பிறகு பழைய கூரை என்றால் ஒரு வரி சேர்க்கிறேன்: "உளுத்த சட்டம் மாற்ற ஒன்றுக்கு 17,000, தட்டிப் பார்த்ததில் சந்தேகம் இத்தனை, சரியான எண்ணிக்கை பிரித்தபின்." முதலாளி வேண்டாம் என்று சொல்லவில்லை, பிடிக்கவும் இல்லை. அந்த வரியால் கைவிட்டுப் போன வேலைகள் உண்டு. "மத்தவங்க யாரும் போடலையே, நீங்க மட்டும் ஏன் பயமுறுத்துறீங்க?" என்று ஒருவர் போனிலேயே கோபப்பட்டார். போன மாதம், அடுத்த வேலை கையில் இல்லாத வாரத்தில், அந்த வரியை எழுதாமலேயே ஒரு எஸ்டிமேட் அனுப்பினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம், அந்த அம்மாவே தன் தங்கை மகளை எங்களிடம் அனுப்பியதுதான். போய்த் தட்டிப் பார்த்து, அந்த வரியோடு எஸ்டிமேட் கொடுத்தேன். மறுநாள் அம்மாவிடமிருந்து போன்.

"இவளுக்குக் குடுத்ததுல சட்டத்துக்குன்னு ஒரு வரி இருக்கே தம்பி. எனக்குக் குடுத்ததுல இல்லையே?"

"அப்போ வேற ஃபார்மேட்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிப்பா. இந்த மழைக்கும் ஒழுகல, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.